குழந்தை இதயத்தின் முப்பரிமாண மாதிரி: கண்டிக் கடையொன்றின் வேலைப்பாடு

சாவிக்கோர்வையும் பரிசுக் கேடயமும் முப்பரிமாண அச்சில் செய்துவந்த கண்டிக் கடையொன்று, இப்போது சி.ரி. ஸ்கேனிலிருந்து குழந்தைகளின் இதய மாதிரியும் செய்துகொடுக்கிறது. கைக்கு வந்தவை இரண்டு. ஒன்று பி.எல்.ஏ. என்ற விறைப்பான பிளாஸ்டிக், மற்றது ரி.பி.யு. என்ற வளையும் பிளாஸ்டிக். இரண்டும் ஒரே இதயம்: பெருநாடியும் நுரையீரல் நாடியும் வலது இதயவறையிலிருந்தே கிளம்பும் குறைபாடு.

பி.எல்.ஏ. மாதிரி காசு கொடுத்து வாங்கத் தக்கதல்ல. இரத்தம் நிற்கும் இடத்தைக் கட்டியாக அச்சிட்டிருக்கிறார்கள். எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும், அவ்வளவுதான். ரி.பி.யு. மாதிரி வேறு கதை. இரத்த வெளியைச் சுற்றி 1.5 மி.மீ. சுவர் வைத்து, உள்ளே வெறுமையாக விட்டு, வலது இதயவறையின் முன்புறத்தில் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் இரு இதயவறைகளுக்கும் இடையிலுள்ள பிரிசுவர் ஓட்டையின் விளிம்பும், அதற்கு மேலே சாய்ந்து நிற்கும் பெருநாடி வாயும் ஒருசேரக் கண்ணில் படுகின்றன. ஓட்டையிலிருந்து பெருநாடிக்கு ஒட்டுத்துண்டால் சுரங்கம் போடலாமா, போட்டால் நுரையீரல் நாடியின் வழி அடைபடுமா என்று சத்திரசிகிச்சை நிபுணர் கையில் வைத்தே யோசிக்கலாம்.

குறை அச்சுக்கு முந்திய கணினி வேலையில்தான். மேற்பரப்பை வழவழப்பாக்கப் போய், பிரிசுவரின் தசைப்பகுதியிலிருந்த இரண்டாவது சிறு ஓட்டையை மூடிவிட்டார்கள். கதிரியல் நிபுணர் ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அச்சுக்கு விடவே கூடாது. ஸ்கேன் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்காரரான நம் பக்கத்திலும் கவனம் வேண்டும்: அறிக்கைக்காக 3 மி.மீ. தடிப்பில் சேர்த்த படங்களைக் கொடுத்தால் சுவர் படிக்கட்டாக வரும். 1 மி.மீ.க்குக் குறைந்த மூலப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் பெயரை நீக்கியபின் கொடுங்கள். கடைக்காரர் அதைக் கேட்கமாட்டார். வால்வின் மெல்லிய இதழ்கள் சி.ரி.யில் ஒழுங்காக விழாது. மாதிரியில் வால்வு இல்லையென்றால் குழந்தைக்கு இல்லை என்றாகாது, அதைப் பார்க்க எக்கோ (ஒலியலை) ஸ்கேன்தான்.

மலைநாட்டு ஈரத்துக்குத் தனிக் கவனம் தேவை. அச்சுக்குப் போகும் ரி.பி.யு. இழைச் சுருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அச்சிடும்போது அந்த ஈரம் கொதித்து, பிளாஸ்டிக் மயிரிழைகளாக இழுபடும். இதயவறைக்குள் அந்த இழைகள் தொங்கினால் வால்வைப் பிடிக்கும் நாண்கள்போலவே இருக்கும், ஆளை ஏமாற்றிவிடும். சுருளை 50 பாகை செல்சியஸ் அளவில் நாலைந்து மணித்தியாலம் உலர்த்தினால் பெரும்பாலும் தீரும். நுவரெலியாவில் ரெசின் (ஒளியில் இறுகும் திரவம்) அச்சுக்குப் போவோருக்குக் குளிர்தான் தொல்லை: 20 பாகைக்குக் கீழே ரெசின் தடித்து, தட்டில் ஒட்டாமல் உரியும்.

அச்சுக்குக் கொடுக்கும் எஸ்.ரி.எல். என்ற முப்பரிமாண வடிவக் கோப்பில் அளவுக்கு அலகு கிடையாது. அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க, இறங்கு பெருநாடியின் விட்டத்தை ஸ்கேனில் அளந்து, மாதிரியில் அதே மட்டத்தில் கலிப்பர் வையுங்கள். அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பி.எல்.ஏ. 60 பாகையிலேயே இளகும், 121 பாகை ஓட்டோகிளேவுக்கு (நீராவிக் கிருமிநீக்கி) தாங்காது. சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் கொண்டுபோவதானால் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் மூடி, கிருமிநீக்கிய பகுதிக்கு வெளியே வைக்கவேண்டும்.

ஹற்றன், நானுஓயாப் பக்கமிருந்து கிளினிக்குக்கு வரும் தாய்தகப்பனுக்கு விளக்க இரட்டிப்பு அளவு மாதிரி நல்லது. கைக்குழந்தையின் பெருநாடி வாய் ஒரு சென்ரிமீற்றர்கூட வராதே. அதன் அடியில் ‘2 மடங்கு’ என்று பொறிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதை அளந்து ஒட்டுத்துண்டு வெட்டிவிடுவார்கள்.