லட்லோவில் ஒரு வீடு, கேம்ப்டனில் ஒரு வீடு: அம்மாவோடு தங்கிய நாலு ராத்திரி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு மாடிப்படி 17. அம்மாவுக்கு வயது 69, இரண்டு முட்டியும் தேய்மானம். அந்த 17 படியைக் காலையில் ஒருமுறை இறங்கி, சாயந்திரம் ஒருமுறை ஏறுவதோடு நிறுத்திக்கொள்வார். போன ஜூனில் இங்கிலாந்தில், பர்மிங்காமில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து கிளம்பி இரண்டு பழைய ஊர்களில் இரண்டிரண்டு ராத்திரி தங்கினோம். இரண்டுமே 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' வகை. சொந்த வீட்டில் நாலைந்து அறையை வாடகைக்கு விட்டு, காலை டிபனும் போடுவார்கள். ஒன்றை இனி எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். இன்னொன்றுக்கு நாளைக்கே கிளம்பச் சொன்னாலும் கிளம்புவேன்.

முதல் ஊர் லட்லோ. ஷ்ரூஸ்பரியில் ரயில் மாறிப் போனோம். மேட்டு நிலத்தில் ஊர். உச்சியில் நார்மன் காலத்துக் கோட்டை, அதன் வாசலிலேயே சந்தை. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டிய கருப்பு வெள்ளை வீடுகள் தெருவெல்லாம். அதில் ஒரு கட்டடத்தின் முகப்பு 1619-இல் கட்டியது. எங்கள் ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் திறந்தது, அதையே நாங்கள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இந்த முகப்போ, கம்பெனிக்காரர்கள் சென்னையில் கோட்டை கட்ட இடம் வாங்கியதற்கே 20 வருடம் முந்தியது. அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டோம்.

அந்த மயக்கத்தில்தான் அறையையும் புக் செய்திருந்தேன். படத்தில் கருத்த ஓக் உத்திரம், பூப்போட்ட விரிப்பு, ஜன்னல் வழியே சர்ச் கோபுரம் எல்லாம் இருந்தன. படிக்கட்டு மட்டும் படத்தில் இல்லை. போய்ப் பார்த்தால் அறை மூன்றாவது மாடியில், கூரைக்கு நேர் கீழே. எண்ணினேன், 41 படி. கடைசி 12 படியில் என் பாதமே முழுதாகப் பதியவில்லை. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அம்மா கீழே நின்று மேலே பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கப்பல் ஏணி மாதிரி கீது" என்றார். கீழே வேறு அறை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்றேன். முடியாது. இரண்டு ராத்திரிக்கு 230 பவுன். அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஏறியவர் அன்று ராத்திரி சாப்பிடக்கூட இறங்கவில்லை, நான்தான் ரொட்டியும் பழமும் வாங்கிப் போனேன்.

தரை சாய்ந்திருந்தது. மாத்திரை டப்பா அம்மா கையிலிருந்து நழுவி, தானாகவே உருண்டு எதிர்ச்சுவர் வரை போய் நின்றது. இதில் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஓக் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்துச் சட்டம் போட்டார்கள். காயக் காய மரம் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், வீடும் அதோடு சாயும். சட்டங்களுக்கு நடுவே குச்சியைத் தட்டியாகப் பின்னி, மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்துப் பூசியிருப்பார்கள். நம் கிராமத்து மண்சுவரேதான். இப்படிப்பட்ட வீடுகள் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் லிஃப்ட் எல்லாம் நினைத்தபடி வைத்துவிட முடியாது. அனுமதி வாங்காமல் பழைய ஜன்னலைப் பிடுங்கி மாற்றினால்கூடக் குற்றம். அதனால் படி செங்குத்து என்பது என் குறை இல்லை. அதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாததுதான் குறை.

குளியலறை இன்னும் மோசம். தொட்டிக்குள் ஏறி நின்றால்தான் ஷவர். அதன் விளிம்பு அம்மாவின் முட்டிக்கு மேலே. தரையில் தண்ணீர் போக வழியே இல்லை, ஆகவே வாளி வைத்து மொண்டு ஊற்றிக்கொள்ளவும் முடியாது. தினமும் இரண்டு வேளை குளிக்கும் மனுஷி, துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஊருக்கும் படம் பார்த்துத்தான் புக் செய்திருந்தேன். அன்று ராத்திரியே அதை ரத்து செய்தேன். சிப்பிங் கேம்ப்டனில் நாலு வீடுகளுக்கு மெயில் போட்டேன். தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி, கைப்பிடி உண்டா, தொட்டியில் ஏறாமல் நின்று குளிக்கிற ஷவர் உண்டா, தனித்தனிக் கட்டிலா என்று கேட்டிருந்தேன். காலையில் ஒரு பெண்மணியிடமிருந்து பதில். கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது, வாசலில் இரண்டு படி, குளியலறை வாசலில் ஒரு சின்னத் தடுப்பு, அதன் உயரம் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளந்தே எழுதியிருந்தார். உங்கள் அம்மா என்ன சாப்பிடுவார் என்று அவரே கேட்டிருந்தார்.

கேம்ப்டனில் ஸ்டேஷன் கிடையாது. ஹெர்ஃபோர்டில் மாறி மார்ட்டன்-இன்-மார்ஷில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் பஸ் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 'சிப்பிங்' என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. நம் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டையில் வரும் 'பேட்டை' மாதிரி. 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் கடைத்தெருவில் இன்னும் நிற்கிறது, உள்ளே மேடுபள்ளமான கல் தரை. ஊரே தேன் நிறக் கல்.

வீடும் அதே கல்தான், லட்லோ வீட்டைவிட வயது குறைவு, அவ்வளவுதான். அறைக்குள் கெட்டில், டீத்தூள், பால். ஃபேன் இல்லை, ஏசி இல்லை, ஜூனில் ஜன்னலைத் திறந்துவைத்தாலே போதுமாக இருந்தது. ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம், காலை ஐந்துக்கு முன்பே விடிந்துவிடும். ஆனால் திரைச்சீலை கனமாக இருந்ததால் அம்மா ஏழு வரை தூங்கினார். ஷவருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு, பக்கத்தில் ஒரு ஜாடியும் வைத்திருந்தார் அந்த அம்மாள். நான் கேட்கவே இல்லை. தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளித்துவிட்டு வந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வெள்ளிக்கிழமை நாங்கள் கவிச்சி தொடமாட்டோம். அன்று தனிச் சட்டியில் தக்காளியும் காளானும் வதக்கி, ஓட்ஸ் கஞ்சியோடு வைத்தார். சனிக்கிழமை கிப்பர் போட்டார். ஹெர்ரிங் மீனை முதுகுப் பக்கம் பிளந்து, உப்புப் போட்டு, புகையில் தொங்கவிட்டது. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டதும், "புகை போட்ட கருவாடுடி இது, காசிமேட்டுல இதை ஏன் யாரும் பண்றதில்ல?" என்று கேட்டு, முள்ளை மட்டும் மிச்சம் வைத்தார். இங்கே ஒரு ராத்திரிக்கு 120 பவுன், லட்லோவைவிட 5 பவுன்தான் கூட.

எங்கள் தெரு அக்கா ஒருவர் ஆகஸ்டில் மகள் வீட்டுக்குப் போகிறார், அங்கிருந்து லட்லோவும் பார்க்க வேண்டுமாம். அவருக்கும் முட்டி வலி. போன வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அதே கேள்விகளை மூன்று வீடுகளுக்கு அனுப்பினோம். ஒரு வீட்டிலிருந்து அறையின் படம் மட்டும் வந்தது. ஒன்றிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது வீட்டுக்காரர் வாசற்படியைப் படம் பிடித்து, பக்கத்தில் ஒரு டீ கோப்பையை நிறுத்திவைத்து அனுப்பியிருந்தார். படி அந்தக் கோப்பை உயரம்தான். அக்கா அதையே புக் செய்யச் சொன்னார்.