புதியது என்று விற்கப்பட்ட பழைய லூப் பெடல்: மலையகக் கலைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மேடையில் தனியாக நின்று லூப் செய்து, அதாவது பதிந்த ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேல் அடுக்கடுக்காகச் சேர்த்துப் பாட விரும்பும் மலையக இளைஞர்கள், குறிப்பாகத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போய்க் குறைந்த விலையில் கருவி வாங்க நினைப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். கண்டியிலுள்ள ஓர் இசைக்கருவிக் கடையில், யாரோ நெடுங்காலம் பாவித்த லூப் பெடலை (காலால் மிதித்து இப்படிப் பதியும் கருவியை) புத்தம் புதியது என்று சொல்லி எனக்கு 38,000 ரூபாவுக்கு விற்றார்கள். அதனுடன் கருவிக்குப் பொருந்தாத ஓர் அடாப்டரையும் எனக்கு உதவாத ஒரு வயரையும் சேர்த்துத் தந்தார்கள்.

என் தேவையைக் கடைக்காரரிடம் தெளிவாகவே சொன்னேன். எங்கள் குழுவில் இருந்தவர்கள் வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டதால், தப்பு என்னும் தோற்கருவியின் அடியை முதலில் பதிந்து, அதன் மேல் கிட்டாரையும் பின்னர் குரலையும் நானே அடுக்கிப் பாட வேண்டும் என்றேன். அட்டன் பக்கத்துக் குளிரிலும் மழையிலும் தப்பின் தோல் விரைவில் தளர்ந்துவிடும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். தீயில் காய்ச்சிய சூட்டோடு ஒருமுறை பதிந்துவிட்டால், அந்தக் கணீரென்ற ஒலி பாட்டு முடியும் வரை மாறாது என்பதே எனக்கு இந்தக் கருவியின் மேல் ஆசை வரக் காரணம். கடையில் அவர்களுடைய கிட்டாரையும் மின்சார இணைப்பையும் கொண்டு ஒரு சிறு துண்டை வாசித்துக் காட்டினார்கள். அது நன்றாகவே ஒலித்தது.

வீட்டுக்கு வந்து அடாப்டரின் அடியில் அச்சிட்டிருந்ததை வாசித்தபோது 12 வோல்ட் என்றும் நடுமுனை நேர்முனை என்றும் இருந்தது. கீபோர்டுகளுடன் வரும் அடாப்டர்கள் பல அப்படித்தான் இருக்கும். பெரும்பாலான பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட். நடுமுனை எதிர்முனையாக இருக்க வேண்டும். அதைச் செருகியிருந்தால் பெடல் எரிந்துகூடப் போயிருக்கலாம். ஆகவே 9 வோல்ட் பெட்டரி போட்டுப் பார்த்தேன்.

அடுத்த கோளாறு மிதிவிசையில் இருந்தது. இவ்வகைப் பெடல்களில் ஒருமுறை மிதித்தால் பதிவு தொடங்கும், மறுமுறை மிதித்தால் சுழற்சி ஓடும், விரைவாக இருமுறை மிதித்தால் நின்றுவிடும். விசை தேய்ந்துபோனால் ஒரே மிதியை இரண்டாக எடுத்துக்கொள்ளும். தப்பின் நடை சரியாக வந்து அமர்ந்து, கிட்டாரைச் சேர்ப்பதற்கு மிதித்த அதே நொடியில் எல்லாமே நின்று போனது. மீண்டும் மீண்டும் இப்படியே நடந்தது. திருவிழா மேடையில் சனத்துக்கு முன்னால் இப்படி நடந்தால் பாடகரின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெடல் பழையது என்பதற்கான சான்று அதன் நினைவகத்திலேயே கிடைத்தது. வெற்று இடம் தேடி எண்களை மாற்றிக்கொண்டு போகையில், 14ஆவது இடத்தில் யாரோ ஒருவர் சிங்களத்தில் நான்கு வரை எண்ணிவிட்டுக் கிட்டார் பயிற்சி செய்யும் பதிவு இருந்தது. அடியிலிருந்த புதிய ரப்பர்த் தகட்டின் ஓரத்தை உயர்த்தினால் பழைய ஒட்டுப்பசை திட்டுத்திட்டாகத் தெரிந்தது. இவற்றைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, அந்தப் பதிவு கடையில் பரிசோதித்தபோது பதிந்தது என்றார்கள். பிறகு எனக்கு மிதிக்கத் தெரியவில்லை என்றார்கள். கடைசியில், பெட்டியைத் திறந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். பெட்டியைத் திறக்காமல் ஒரு கருவியை எவரால் பாவிக்க முடியும்? தூரத்துத் தோட்டத்திலிருந்து வருபவர் திரும்பத் திரும்ப வரமாட்டார் என்ற கணக்கில்தான் இவ்வாறு பேசுகிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஒலிவாங்கியை நேரே பெடலில் செருகலாம் என்று சொல்லி அவர்கள் தந்த வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலிவாங்கியிலிருந்து வரும் சைகை சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். கிட்டாருக்கென அமைந்த நுழைவாயிலில் அது மெலிந்து கேட்கும், ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். குரலையோ தப்பையோ பதிய விரும்புபவர் முதலில் ஒலிவாங்கியின் சைகையைப் பெருக்கித் தரும் ஒரு சிறிய மிக்ஸரை வாங்க வேண்டும், அல்லது ஒலிவாங்கிக்கென்றே நுழைவாயில் உள்ள பெடலைத் தேட வேண்டும். பொஸ் ஆர்சி-30இல் அந்த வசதியும் இரண்டு தனித்தனித் தடங்களும் உள்ளன. கிட்டார் மட்டும் போதுமென்றால் 5 நிமிடம் பதியும் டிசி இலெக்ட்ரோனிக் டிட்டோ, 12 நிமிடம் பதியும் பொஸ் ஆர்சி-1 போன்ற எளிய பெடல்களே போதும். ஒலியை எதிரொலி போலச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே பெடலை லூப்பர் (லூப் பெடல்) என்று காட்டினால் எவ்வளவு நேரம் பதியும் என்று கேளுங்கள். பொஸ் டிடி-3 நல்ல கருவிதான், ஆனால் அதன் உச்சம் 800 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனுக்கும் குறைவு. நிமிடத்துக்கு 80 அடி வேகத்தில், நான்கு நான்கு அடிகளாக நான்கு சுற்று வாசிக்கவே 12 செக்கன் வேண்டும்.

கடையில் உங்கள் சொந்தக் கருவியால், நீங்களே பதிந்து பாருங்கள். ஒரு நிமிடமாவது ஓடும் துண்டைப் பதிந்து, அதன் மேல் பல அடுக்குகளைச் சேர்த்து, சுழற்சி இணையும் இடத்தில் 'டிக்' என்ற ஒலி வருகிறதா என்று கேளுங்கள். விசையை மெதுவாகவும் ஓரத்திலும் மிதித்துப் பாருங்கள். நினைவகம் உள்ள பெடலாயின் சேமித்து, மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் போட்டு, ஒவ்வோர் இடத்தையும் திறந்து பாருங்கள். இதற்கு இடந்தராத கடையில் வாங்காதீர்கள்.

பற்றுச்சீட்டில் கருவியின் தொடரிலக்கத்தையும் 'புதியது' என்ற சொல்லையும் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் விபரம் கேட்கலாம். பற்றுச்சீட்டின் பிரதி, அடாப்டரின் படம், 14ஆவது இடத்திலுள்ள பதிவு ஆகியவற்றுடன் என் முறைப்பாட்டை அனுப்பிவிட்டேன். விசாரணை முடியும் வரை அந்தப் பதிவை அழிக்கப் போவதில்லை.