‘காய்ச்சல் பேக்கேஜ்’: டைபாய்டுக்குப் பாதிதான் உதவும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி லேப்களில் விற்கும் ‘காய்ச்சல் பேக்கேஜ்’ பெரும்பாலும் ஐந்து டெஸ்ட்தான்: சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), டெங்கு, மலேரியா, விடால் (டைபாய்டு எதிர்ப்பொருளைப் பார்ப்பது), யூரின். டெங்குவுக்குப் போதும். டைபாய்டு சந்தேகம் என்றால் இதில் காசுக்கு ஈடானது பெரும்பாலும் சிபிசி ஒன்றுதான்.

காய்ச்சல் 103 டிகிரி போனாலும் டைபாய்டில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் ஏறாது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000-க்குக் கீழே இறங்குவதும் உண்டு. (சிறு பிள்ளைகளுக்கு ஏறலாம்.) வெள்ளை அணுக்களில் ஒரு வகையான இயோசினோபில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கிருமி எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் தங்குவதால் பிளேட்லெட்டும் கொஞ்சம் குறையலாம். உடனே டெங்கு என்று முடிவு கட்டக்கூடாது. மூன்றாம் வாரத்தில் வயிற்றுவலியோடு வெள்ளை அணுக்கள் திடீரென எகிறினால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விடால்தான் பேக்கேஜின் பலவீனம். அது தேடும் இரண்டு வகை எதிர்ப்பொருளில் ‘ஓ’ தெரியவே ஒரு வாரம் ஆகும், ‘எச்’ அதற்கும் பிறகு. மூன்றாம் நாள் எடுத்து ‘நெகட்டிவ்’ வந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. எப்போதோ வந்துபோன தொற்றின் மிச்சமாக 1:80 என்ற குறைந்த அளவு காட்டினால் அதற்கும் பெரிய அர்த்தம் இல்லை. ரிப்போர்ட்டில் ‘ஸ்லைடு’ (கண்ணாடித் தகட்டில் சட்டென்று பார்க்கும் முறை) என்று போட்டிருந்தால் நம்பிக்கையை இன்னும் குறைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பேக்கேஜில் இல்லை, அதுதான் முக்கியம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் தேவை. ஒரு மில்லிக்குச் சராசரியாக ஒரு கிருமி அளவுதான் இருக்கும் என்பதால், சிபிசியோடு சேர்த்து இரண்டு மில்லி எடுத்தால் ஒன்றும் முளைக்காமல் போகலாம். சரியாக எடுத்தாலும் நூற்றுக்கு 40 முதல் 60 பேருக்குத்தான் பிடிபடும். சாம்பிளை வெளியூருக்கு அனுப்பும் லேப் என்றால் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கிறார்களா என்று கேளுங்கள், வைக்கக்கூடாது. எந்த மருந்து கேட்கும் என்பதையும் கல்ச்சர்தான் சொல்லும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இப்போது பலருக்குக் கேட்பதில்லை. இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் கிருமிகளை ஆராயும் மைக்ரோபயாலஜி துறை உண்டு. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

கல்லீரல் டெஸ்ட்டையும் தனியாகத்தான் கேட்க வேண்டும். டைபாய்டில் கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி பெரும்பாலும் சாதாரண அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஏறும். ஆயிரக்கணக்கில் போனால் வைரஸ் மஞ்சள் காமாலையை யோசிக்க வேண்டும். வைரஸ் காமாலையில் கண் மஞ்சளாகும்போது காய்ச்சல் பொதுவாக விட்டுவிடும், டைபாய்டில் விடாது. இந்த நிலையில் காய்ச்சல் மாத்திரையை அளவு மீறிப் போடுவது கல்லீரலுக்கு இரட்டை அடி.

அதே டெஸ்ட்டில் வரும் இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியை விட அதிகமாக இருந்து, தொடையும் வயிற்றுத் தசையும் வலித்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே டெஸ்ட் பார்க்கலாம். எஸ்ஜிஓடி தசையிலிருந்தும் வரும். இடுப்பில் ஊசி போட்டிருந்தால் அதுவே சிபிகேயைக் கொஞ்சம் ஏற்றும், முன்பே சொல்லிவிடுங்கள். தசை கடுமையாகச் சிதைவது அபூர்வம். ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போய், யூரின் ரிப்போர்ட்டில் ‘ரத்தம் பாசிட்டிவ்’, ஆனால் சிவப்பணு இல்லை என்று வந்தால் சிறுநீரகம் பாதித்திருக்கிறதா என்று அறிய அன்றே கிரியாட்டினின் பார்க்க வேண்டும். பேக்கேஜில் யூரின் டெஸ்ட் இருப்பதற்கு இந்த ஒரு பயன் உண்டு.

குணமானதா என்று பார்க்க மறுபடி விடால் எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கும். சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆகும்.