சீட்டு இப்போது யார் கையில்? முந்நூற்றிநாலு ஆட்டத்தைப் பைத்தானில் எழுத நாலு வழிகள்

காரைக்குடித் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடும்போது, ஒரே ஜாக்கி இரண்டு பேர் கையில் இருக்க வழியே இல்லை. அட்டை ஒன்றுதான். நிரலில் அந்தக் காப்பு தானாக வராது, நாம்தான் கட்ட வேண்டும்.

கணக்கு எளிது. மொத்தம் 32 சீட்டு. ஸ்பேடு போன்ற ஒவ்வோர் இனத்திலும் புள்ளிகள் இப்படி: ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆக 76, நாலு இனத்துக்கு 304. கட்டு, நாலு கைகள், ஜெயித்த பிடிகள் (ஒரு சுற்றில் ஆளுக்கொன்றாக விழும் நாலு சீட்டு ஒரு பிடி), கவிழ்த்து வைத்த துருப்பு எல்லாமே இந்த 32 சீட்டைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பெரும்பாலோர் தொடங்குவது லிஸ்ட்டுகளை (பட்டியல்களை) யாரும் மாற்றும்படி பொதுவில் விட்டுவிடும் வழியில். எழுதச் சுலபம், ஆனால் முதல் வரியிலேயே இடறும்:

கைகள் = [[]] * 4

இதில் இருப்பது நாலு லிஸ்ட் இல்லை. ஒரே லிஸ்ட்டைத்தான் நாலு இடமும் சுட்டுகின்றன. ஆளுக்கு நாலு சீட்டு போட்டு முடித்துப் பார்த்தால் ஒவ்வொருவர் கையிலும் 16 இருக்கும். [[], [], [], []] என்று தனித்தனியாக எழுதினால் சரியாகிவிடும். அடுத்த பிழை இன்னும் நுட்பமானது. சீட்டு போடும் ஃபங்ஷனுக்குள் இப்படி இரண்டு வரி:

கை += கட்டு[:4]
கட்டு = கட்டு[4:]

முதல் வரி, வெளியிலிருந்து வந்த அதே லிஸ்ட்டில் சீட்டைச் சேர்க்கிறது. இரண்டாவது வரி புது லிஸ்ட் ஒன்றை உண்டாக்கி, ஃபங்ஷனுக்குள் மட்டும் அதற்கு ‘கட்டு’ என்று பெயர் வைக்கிறது. வெளியே உள்ள கட்டு குறையவே இல்லை, எனவே அடுத்தவருக்கும் அதே நாலு சீட்டு போகும். கட்டு[:4] = [] என்று எழுதினால்தான் அசல் கட்டு குறையும்.

இரண்டாவது வழியில், எல்லா லிஸ்ட்டையும் ‘ஆட்டம்’ என்ற ஒரே கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாக வைக்கும் அமைப்பு) வைத்துக்கொள்ளும். செட்டிநாட்டு வீட்டில் முற்றம் பொது, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனி அறை உண்டு. அடுத்தவர் அறைக்குள் யாரும் நேரே புகுந்து எடுப்பதில்லை. அதுபோல ஆட்டக்காரர் கேட்கலாம், கொடுப்பதும் மறுப்பதும் ஆட்டத்தின் வேலை. முதல் வழியைவிட இது நிச்சயம் நல்லது. ஓட்டை ஒன்று உண்டு: திரையில் காட்டுவதற்காக உள் லிஸ்ட்டையே திருப்பிக் கொடுத்தால், திரை அதை வரிசைப்படுத்தும்போது உள்ளே இருக்கும் அசலும் வரிசையாகிவிடும். கட்டுக்கு இது நடந்தால் கலைத்தது அத்தனையும் வீண். டியூப்பிளாக, அதாவது மாற்ற முடியாத பட்டியலாக, மாற்றிக் கொடுங்கள்.

மூன்றாவது வழி, பேரேடு. கைக்கு ஒரு லிஸ்ட் என்பதையே விட்டுவிட்டு, சீட்டுக்கு ஓர் இடம் என்று பதிவது:

இடம்["ஸ்பேடு ஜாக்கி"] = "கை 2"

டிக்‌ஷனரியில் ஒரு சாவிக்கு (இங்கே சீட்டின் பெயர்) ஒரே மதிப்புதான் (இங்கே அதன் இடம்). ஒரு சீட்டு இரண்டு இடத்தில் இருக்கவே முடியாது. திண்ணையில் அட்டை கொடுத்த அதே காப்பு இங்கே கிடைக்கிறது. இதன் அருமை துருப்பில் தெரியும். முதல் நாலு சீட்டு வந்ததும் கேள்வி (எத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலம்) முடிந்து, கேட்டு எடுத்தவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார்; திறக்கும்வரை அது கையில் சேராது. லிஸ்ட் முறையில் கையிலிருந்து நீக்க மறந்தால் மொத்தம் 33 ஆகும். திறந்தபின் கையில் சேர்க்க மறந்தால் கடைசிப் பிடிக்கு அவரிடம் சீட்டே இராது. பேரேட்டில் வைப்பதும் ஒரு வரி, திறப்பதும் ஒரு வரி. ஒருவர் கையைப் பார்க்க 32 பதிவையும் தேட வேண்டும் என்பது ஒரு பொருட்டே அல்ல. கலைத்த வரிசையை மட்டும் தனியாக, மாற்றாத டியூப்பிளாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, எதையும் மாற்றாமல் ஒவ்வொரு சீட்டு நகர்வுக்கும் புது நிலையைத் திருப்பித் தரும் வழி. கணினியே முன்கூட்டிப் பல நகர்வுகளை யோசித்து ஆட வேண்டுமானால் இதுதான் சரி. ஃபங்ஷன் தந்த புது நிலையை வாங்கி வைக்க மறந்தால், பிழைச் செய்தி எதுவும் வராமல் ஆட்டம் அப்படியே நிற்கும். ஃப்ரோசன் டேட்டாகிளாஸுக்குள் (மாற்ற முடியாதது என்று அறிவித்த கிளாஸுக்குள்) லிஸ்ட் வைத்தாலும் பயனில்லை. உள்ளே இருக்கும் லிஸ்ட் மாறத்தான் செய்யும்.

நாலு பேர் ஒரே கணினியில் ஆடும் நிரலுக்குப் பேரேட்டை ‘ஆட்டம்’ கிளாஸுக்குள் வைப்பதே எங்கள் தேர்வு. பிடிக்கு ஒரு நகல் எடுத்து வைத்தால் எட்டே நகலில் பின்னால் போகும் வசதியும் வந்துவிடும். லிஸ்ட்டோடுதான் போவேன் என்பவர்கள், ஒவ்வொரு பிடி முடிந்ததும் எல்லாக் குவியலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். புள்ளி 304 வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தொலைந்தது ஏழோ எட்டோ என்றால் கூட்டுத்தொகை அப்போதும் 304தான். வெவ்வேறான 32 சீட்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.