போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டம் வரை: என் மஹிந்திரா பொலிரோ

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏழு பேருடன் முனகாமல் ஏறுகிறது. 75 குதிரைத்திறன்தான், ஆனால் 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (இழுக்கும் பலம்), பின்சக்கர இயக்கம், லாரி போல உடலுக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம். மேட்டுக்கு வேறென்ன வேண்டும்? 2000-லேயே சந்தைக்கு வந்த மாடல் என்பதால் எந்த ஊர் மெக்கானிக்குக்கும் இதன் குடல் அத்துப்படி.

நாலு வருடத்தில் 90,000 கிலோமீட்டர். ஒரே ஒரு முறை நடுவழியில் நின்றது. அதுவும் பட்டறைக்காரர் டீசல் ஃபில்டரைச் சரியாக இறுக்காததால்.

மூன்றாவது வரிசை எதிரெதிரே பார்த்த இருக்கை. அதில் உட்கார்ந்த மதினிக்கு ஐந்தாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது. பிள்ளைகளோ அந்த இடத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.