அடைக்கோழியா, இன்குபேட்டரா? பொரிப்பது ஒரு கணக்கு, தேற்றுவது வேறு கணக்கு

முட்டை எடுக்கக் கையை நீட்டினால் கோழி உடம்பைப் பரப்பி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. அன்றோடு முட்டையும் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் ‘அவயத்துக்குப் படுத்துருச்சு’ என்பார்கள். மற்ற ஊர்களில் அடை, அதாவது முட்டை பொரிக்க உட்காரும் நிலை. இனி இதையே முட்டை மேல் உட்கார வைப்பதா, இல்லை அடையைக் கலைத்துவிட்டு முட்டைகளை இன்குபேட்டரில், கரண்டில் பொரிக்கும் பெட்டியில், வைப்பதா என்ற யோசனை அப்போதுதான் ஆரம்பிக்கும்.

இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வியே பாதிதான். பொரிப்பது ஒரு வேலை, பொரிந்த குஞ்சைத் தேற்றி வளர்ப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே ஆளிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டமில்லை.

பொரிப்பதில் நல்ல அடைக்கோழியை மிஞ்ச எந்தப் பெட்டியாலும் முடியாது. இருட்டான மூலை, கூடையில் மணலும் அதன் மேல் வைக்கோலும், சேவலோடு திரிந்த கோழியின் முட்டைகள், அவ்வளவுதான் செலவு. சின்ன உடம்பு நாட்டுக்கோழியான சிறுவிடைக்குப் பத்துப் பன்னிரண்டு, பெரிய உடம்பான பெருவிடைக்குப் பதினைந்து வரை வைக்கலாம். இறகுக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அதிகம் என்று அர்த்தம். கோழி முட்டைகளை உருட்டி உருட்டி இடம் மாற்றுவதால், இன்று வெளியே கிடந்து சில்லிட்டது நாளை வேறொன்றாக இருக்கும். கடைசியில் எல்லாமே கெடும். முட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாக வேண்டாம். கத்திரி வெயிலில் அந்த ஏழு நாளும் அதிகம்.

என் அப்பத்தா கூடைக்குள் ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல், ஒரு இரும்பு ஆணி போடுவார். இடி இடித்தால் முட்டை கலங்காதாம். இடிக்கும் ஆணிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஆணி போடுகிறேன்.

அப்புறம் 21 நாள் நமக்கு வேலையில்லை. தினம் ஒரு தடவை கோழி இறங்கி வரும். கம்பும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தால் தின்றுவிட்டு, பெரிதாக ஒரு நாற்றக் கழிச்சல் போட்டுவிட்டுத் திரும்ப ஏறிவிடும். கவலைப்பட வேண்டியது பேனுக்குத்தான். பேன் ஏறினால் எவ்வளவு பொறுப்பான கோழியும் பாதியில் எழுந்து போய்விடும். உட்கார வைக்கும் முன்பே சாம்பலில் புரள விடுங்கள்.

இன்குபேட்டர் அதே 21 நாளும் நம்மை அடையில் உட்கார வைக்கும். விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். 18ஆம் நாள் வரை முட்டையைத் திருப்ப வேண்டும், ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம். கடைசி மூன்று நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரத்தை 65க்கு மேல் ஏற்ற வேண்டும். ஓடு விரிய ஆரம்பித்ததும் மூடியைத் திறந்து பார்க்கக் கை பரபரக்கும், திறக்கக் கூடாது. கரண்ட் போவதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு 16ஆம் நாள் நாலு மணி நேரம் போனது. பெட்டி மேல் போர்வையைப் போர்த்தி வைத்தேன். ஒரு நாள் தாமதமானாலும் பெரும்பாலானவை பொரிந்தன.

என்னைக் கவிழ்த்தது பெட்டியின் திரையில் தெரிந்த எண்தான். முதல் தடவை 40 முட்டை வைத்தேன். 20ஆம் நாளே அவசரமாகப் பொரிய ஆரம்பித்து, தொப்புள் மூடாத குஞ்சுகளாக 11 வந்தன. உள்ளே வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒத்துப் பார்த்த பிறகுதான் முட்டை வைக்கிறேன். ஏழாம் நாள் செல்போன் டார்ச் மேல் முட்டையை வைத்துப் பார்ப்பதும் பழகிவிட்டது: சிலந்திக்கால் மாதிரி ரத்த நாளம் தெரிந்தால் கரு, தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம்.

ஆனாலும் சில இடங்களில் பெட்டிதான் சரி. வனராஜா மாதிரி ரகங்கள் அடைக்கு உட்காராது. கோழிக்கு மனசு வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் பெட்டிதான். இன்னொன்று, வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்து. முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுக்கு மேல் காணும். கலக்கினால் சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். ஒன்பது குஞ்சுக்காக அதை உடைக்க மனசு வராமல் தள்ளிப்போட்டு, மொத்தத்தையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. பெட்டியில் ஒரே நேரத்தில் நிறையக் குஞ்சு வந்தால் அந்தத் தயக்கம் இருக்காது.

தேற்றும் வேலையில் நிலவரம் தலைகீழாகிறது. தாயோடு போகும் குஞ்சு கிளறக் கற்கும், பருந்தின் நிழலுக்குப் பதுங்கும். ஆனால் காக்கை, கீரி, பூனை போக மாலையில் பஞ்சாரத்தை (கோழியை அடைக்கும் கூடை) கவிழ்க்கும்போது எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அதோடு குஞ்சைப் பிரிக்கும் வரை இரண்டு மூன்று மாதம் தாய்க்கோழி முட்டையிடாது. இலவசம் என்று நினைத்த அடையின் விலை இதுதான். தாயில்லாமல் பல்பு அடியில் வளரும் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தால் போதும். கூண்டுக்குள் இருக்கும்வரை இழப்பும் குறைவு. வெளியே விட்டால்தான் சோதனை. காக்கை இறங்கினால் இந்தக் குஞ்சு வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதனால் கலந்துதான் செய்கிறேன். அடுத்தடுத்து அடைக்கு வரும் இரண்டு மூன்று கோழிகளுக்குக் கொஞ்ச நாள் பொய் முட்டை கொடுத்து, ஒரே நாளில் முட்டை வைப்பேன். பொரிந்ததும் எல்லாக் குஞ்சையும் ஒரே கோழியிடம், ராத்திரி இருட்டில், ஒவ்வொன்றாக இறகுக்கடியில் தள்ளிவிட வேண்டும். பகலில் கொடுத்தால் சில கோழி கொத்தித் துரத்தும். இன்குபேட்டர் குஞ்சையும் ஓரிரு நாள் வயதுக்குள் இப்படிச் சேர்க்கலாம். கோழியும் மூன்று வாரம் உட்கார்ந்ததாக இருக்க வேண்டும்.

மீதிக் கோழிகளின் அடையைக் கலைக்க வேண்டும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு செருகுவது எல்லாம் பழைய வழிகள்; பார்க்கவும் பாவம், பலனும் நிச்சயமில்லை. கம்பிவலை அடித்தளம் உள்ள கூண்டில், மெத்தை இல்லாமல், தீனி தண்ணீரோடு நாலு நாள் வைத்தால் போதும். அடிவயிற்றுக்குக் காற்றுப்பட்டுச் சூடு தணிந்தால் அடை தானாகக் கலையும்.

போன தை மாதம் மூன்று கோழிகளின் குஞ்சுகளையும் ஒரு பெருவிடையிடம் சேர்த்தேன், பதினேழு. காலையில் கொக்கரித்துக்கொண்டு எல்லாவற்றையும் குப்பைமேட்டுக்குக் கூட்டிப் போனது. மற்ற இரண்டும் கூண்டை விட்டு வந்த மூன்றாவது வாரம் முட்டைக்கு வந்துவிட்டன.