யாரா பள்ளத்தாக்கு வைன் சுற்றுலா: கொழும்பில் பணம் கட்டுவோர் கவனத்திற்கு

ஓகஸ்ட் விடுமுறையில் மெல்பேர்ணிலுள்ள உறவினர்களிடம் போகும்போது, யாரா பள்ளத்தாக்கின் வைன் தோட்டங்களையும் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்று வெள்ளவத்தையில் ஒரு பயண முகவரிடம் முழுத்தொகையையும் முன்கூட்டியே செலுத்தினோம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வான் வண்டியில் ஏற்றி இறக்கும் சேவை மாத்திரமே. இதே பொதியை இன்னும் பலருக்கு விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

ஒருவருக்கு 45,000 ரூபாய். நான்கு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் வைன் சுவைப்பு, தோட்ட உணவகத்தில் மதிய உணவு, அக்காவுக்குத் தனியாகச் சைவச் சாப்பாடு, கொடிகளுக்கிடையே நடந்து பழம் பறிக்கும் வாய்ப்பு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பியிருந்தார்கள். கூடவே வந்த படத்தில் பச்சை இலைகளுக்கு நடுவே கறுத்த குலைகள் தொங்கின.

அந்தப் படமே முதல் பொய். தென்னரைக்கோளத்தில் ஓகஸ்ட் குளிர்காலம். யாராவில் அறுவடை பெப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரையில்தான் நடக்கும். நாங்கள் போனபோது மலைச்சரிவு முழுவதும் கவ்வாத்து வெட்டிய தேயிலை மலை போல வெறும் தண்டும் கம்பியுமாக நின்றது. பழம் பறிக்கலாம் என்பது அதைவிடப் பெரிய பொய். வேரைத் தாக்கி கொடியையே அழிக்கும் ஃபைலோக்செரா என்ற பூச்சி 2006ஆம் ஆண்டு அங்கு கண்டறியப்பட்டது. அது காலணியில் ஒட்டிய மண்ணோடும் பரவக்கூடியது என்பதால், வருவோர் கொடிவரிசைக்குள் இறங்குவதை எந்தக் காலத்திலும் அங்கு விரும்புவதில்லை. விக்டோரியா மாநிலத்தின் முதல் திராட்சைக் கொடிகள் 1838இல் நடப்பட்ட மண் அது; அதன் சார்டனே, பினோ நுவார் ஆகிய வைன் வகைகள் உலகறிந்தவை. அத்தகைய இடத்தைப் பற்றி எதுவுமே விசாரிக்காமல் விற்றிருக்கிறார்கள்.

முதல் தோட்டத்தின் சுவைப்பு மேசையில் நின்ற பெண், எங்கள் பெயரில் பதிவு எதுவும் இல்லை என்பதைத் திரையைத் திருப்பி மரியாதையாகவே காட்டினார். ஆளுக்கு 15 டொலர் நாங்களே கொடுத்தோம். அடுத்த நிறுத்தம் தோட்டமே அல்ல, ஒரு சொக்லேட் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உணவகங்களில் இடமில்லை. நான்கு மணி வரை அக்கா சாப்பிட்டது ஒரு தட்டு உருளைக்கிழங்கு சிப்ஸ். அத்தான் பொறுக்கமாட்டாமல் சாரதியிடம் கேட்டபோது, அவர் தமக்கு வந்த வேலைத்தாளைத் தொலைபேசியில் திறந்து காட்டினார். ஏற்றும் இடம், இறக்கும் இடம், மூன்று நிறுத்தங்கள், காத்திருப்பு நேரம் என்பவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அந்த மனிதர் மீது ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்து கேட்டபோது, அங்குள்ள நிறுவனம் செய்த பிழை என்று முகவர் கைவிரித்தார். பின்னர், அடுத்த பயணத்தில் கழிவு தருவதாகச் சொன்னார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பற்றுச்சீட்டில் 'சுற்றுலாக் கட்டணம்' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. என்ன வாக்களிக்கப்பட்டது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சான்று அந்த வாட்ஸ்அப் செய்தி.

ஆகவே, பணம் கொடுக்கும் முன்பு ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தத் தோட்டத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி உறுதிப்படுத்துங்கள். "அங்கே போனதும் தருவார்கள்" என்று சொல்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். உண்மையில், சுவைப்புக் கட்டணத்தை அங்கேயே செலுத்துவது கடினமல்ல; போத்தல் வாங்கினால் அதைக் கழித்துவிடும் தோட்டங்களும் உண்டு. உறவினர் ஒருவர் மது அருந்தாமல் வாகனம் ஓட்ட முன்வந்தால், முகவரே தேவையில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும் என்பதால் முகவரின் தவணைப் பேச்சை நம்பிக் காத்திருக்க வேண்டாம். எங்கள் முறைப்பாட்டை அந்தச் செய்தியின் பிரதி, பற்றுச்சீட்டு, 15 டொலர் சீட்டுகள் ஆகியவற்றுடன் ஒப்படைத்திருக்கிறோம். பதில் கிடைத்ததும் அறியத் தருகிறேன்.